தோட்டாவுக்குள் பஞ்சு: மறுநிரப்பலில் நிரப்பி தரும் தொல்லைகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடித்தல்

பெரிய உறை, சிறிய மருந்து. சுட்ட தோட்டாவின் உறையில் வெடிமருந்தையும் குண்டையும் புதிதாக வைத்து மீண்டும் பயன்படுத்துவதுதான் மறுநிரப்பல். அதன் தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவின் பெயரிலேயே அதன் கணக்கு இருக்கிறது: 70 கிரெயின், அதாவது ஏறக்குறைய நாலரை கிராம் கரிமருந்து. அதன் முன்னால் 405 கிரெயின் ஈயக்குண்டு. கரிமருந்து உறையை நிறைத்து, குண்டின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதே வேலையை மிகக் குறைந்த அளவில் செய்தது. உறை மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது. மிதமான வேகத்துக்காக வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் உறையில் பாதிக்கு மேல் காற்றுதான் இருக்கும். துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்ததும் மருந்து தரையில் சிந்திய மணல்போல உறையின் கீழ்ச்சுவர் நெடுகப் படுத்துவிடுகிறது. உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் தீ சில முறை அதன் மேல் முழுதாகப் பாய்கிறது, சில முறை தலைக்கு மேலே போய்விடுகிறது.

மருந்தைப் பிரைமர் பக்கமாக நிறுத்திவைக்கப் போடும் பொருளுக்குத்தான் நிரப்பி என்று பெயர். பாலியெஸ்டர் பஞ்சு, இலவம்பஞ்சு, நுரை உருளை, கோதுமை ரவை, பிளாஸ்டிக் துகள் என்று பலவும் பயன்பட்டிருக்கின்றன. (ரவை என்ற சொல்லுக்குத் தமிழில் துப்பாக்கி ரவை என்ற பொருளும் உண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் அது தானியம்தான்.)

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமத்தோடு, அச்சிட்ட கையேட்டை மேசையில் வைத்துக்கொண்டு மறுநிரப்பல் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து அளவு எதையும் இங்கே தேடாதீர்கள். அதைக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அந்தக் கையேடு குறிப்பிட்ட அளவோடு நிரப்பியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மட்டுமே நிரப்பி. இல்லையென்றால் இல்லை.

வேகம் ஓரிடத்தில் நிற்கவில்லை

பெரும்பாலானவர்கள் நிரப்பியைத் தேடி வருவது இதனால்தான். ஒரே அளவு மருந்து, ஒரே குண்டு. ஆனால் வேகமானியில் எண்கள் தாவுகின்றன. இலக்கில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன.

பஞ்சை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பத்துத் தோட்டாக்கள் போதும். ஐந்தை ஒவ்வொன்றாக அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, விரலால் மெல்லத் தட்டி, அலுங்காமல் கிடையாக்கி, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் வைத்துச் சுடுங்கள். மற்ற ஐந்தைக் குண்டு கீழே இருக்கும்படி தட்டி, அதேபோல் வைத்துச் சுடுங்கள். குழலை வானத்துக்கு உயர்த்தி இறக்குவது பழைய வழக்கம்தான் என்றாலும் பல சுடுதளங்களில் அதற்குத் தடை உண்டு. தோட்டாவைக் கையில் சாய்ப்பதே நல்லது. ஆனால் இது ஒவ்வொன்றாக ஏற்றும் துப்பாக்கியில்தான் நடக்கும். மேகசினிலிருந்து ஏறும் தோட்டா வழியிலேயே குலுங்கிவிடும்.

இரண்டு ஐந்துக்கும் சராசரி வேகம் தெளிவாக வேறுபட்டால் மருந்து கிடக்கும் இடம்தான் குற்றவாளி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, ஒவ்வொரு ஐந்துக்குள்ளும் எண்கள் சிதறினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. தராசு, உறைக் கழுத்தின் பிடி, குண்டைப் பிடிக்க உறைவாயை உள்ளே மடிக்கும் விளிம்பு மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அந்த நிலையில் நிரப்பி போடுவது காலில் முள் தைத்தவனுக்குத் தலையில் கட்டுப்போடும் வைத்தியம்.

மருந்தின் இடம்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் பஞ்சுக்குப் போவது என் வழியில் மூன்றாவது படி. முதல் படி, இடத்தை நிறைக்கும் மருந்துக்கு மாறுவது. டிரெயில் பாஸ் என்ற மருந்து இதற்காகவே வளையம் வளையமாக, எடைக்கு மிஞ்சிய பருமனோடு செய்யப்பட்டது. அதை அழுத்தவே கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். ஆகவே அதன் மேல் நிரப்பி போடும் கேள்வியே எழாது. இரண்டாவது, குறைத்துப் போட்டாலும் ஒழுங்காக எரிவதாகத் தயாரிப்பாளர் உறுதி சொல்லும் மருந்தை எடுப்பது. ஹெச் 4895 என்ற மருந்தை, அட்டவணையில் உள்ள உச்ச அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. இது அந்த ஒரு மருந்துக்குச் சொன்னது. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஐஎம்ஆர் 4895-க்கு அதை நீட்டக் கூடாது. இரண்டும் வெவ்வேறு மருந்துகள்.

உறையின் வெளியே கரி, குழலில் எரியாத மருந்து

உறையின் கழுத்தைத் தாண்டி உடல்வரை கரி படிந்திருந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். உறைச்சுவர் விரிந்து அறையோடு ஒட்டி வாயுவை அடைக்க நேரமில்லாமல் போயிருக்கிறது. எரியாத மருந்துமணிகள் சொல்வதும் இதையேதான். கையேட்டின் எல்லைக்குள் மருந்தைச் சற்றுக் கூட்டினாலோ கொஞ்சம் வேகமான மருந்துக்கு மாறினாலோ இது பெரும்பாலும் சரியாகிவிடும். உறைக் கழுத்து குண்டை இறுகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். நிரப்பி இங்கே கரியைக் குறைத்துக் காட்டலாம். அப்படிக் குறைந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

பஞ்சு வைத்த நாளிலிருந்து உறை கழற்றச் சிரமமாக இருக்கிறது

பிரைமரின் விளிம்பு மழுங்கித் தட்டையாகியிருக்கிறது. அறையின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உயர்த்தக் கை கனக்கிறது. வேகமானியில் எண் ஏறியிருக்கிறது. மருந்தோ ஒரு கிரெயின்கூடக் கூடவில்லை.

வியப்பதற்கு எதுவும் இல்லை. நிரப்பியும் குண்டோடு சேர்ந்து குழலைத் தாண்டி வெளியே போகும் சுமை. பாலியெஸ்டர் பஞ்சு ஒரு கிரெயின் அளவில் நின்றுவிடும். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ரவையோ பிளாஸ்டிக் துகளோ பெரிய உறையை நிறைத்தால் இருபது கிரெயினைக்கூடத் தாண்டும். அது குண்டின் எடையைக் கூட்டியதற்குச் சமம். போதாததற்கு, மருந்து எரியத் தொடங்கும்போது வாயுவுக்கு இருந்த காலி இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. மருந்து பிரைமரின் வாயிலேயே நிற்பதால் எரிதலும் விரைவாகிறது. மூன்றும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன: அழுத்தம் மேலே.

முதலில் சுடுவதை நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். நிரப்பியைச் சேர்ப்பது ஓர் உறுப்பை மாற்றுவதற்குச் சமம். பிரைமரையோ குண்டையோ மாற்றினால் தொடக்க அளவுக்குத் திரும்பி மீண்டும் மெல்ல ஏற வேண்டும் அல்லவா? இங்கும் அதே விதிதான். பஞ்சைக் கண்மதிப்பில் கிள்ளிப் போடாதீர்கள். மருந்தை நிறுக்கும் அதே தராசில் பஞ்சையும் நிறுத்துப் போடுங்கள்.

துகள் நிரப்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்து ஒடுங்கிய உறையில் அதைப் போடவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. நேர்ச்சுவர் உறையில் துகள் அப்படியே முன்னே நகர்ந்துவிடும். தோள் உள்ள உறையிலோ அகன்ற உடலில் இருந்த துகளெல்லாம் ஒரே நேரத்தில் குறுகிய கழுத்துக்குள் நெருக்கியடித்துப் புக வேண்டும். திருவிழாக் கூட்டம் ஒற்றைக் கதவில் முட்டுவதுபோல அது இறுகி அடைத்துக்கொண்டால் பின்னால் ஏறும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை.

சுட்ட உறையின் மேல் மெல்லிய வளையம் தெரிகிறது

இந்த அறிகுறியை விரல்நகம் கண்ணுக்கு முன்பே கண்டுபிடிக்கும். சுட்ட உறையை நகத்தால் மேலிருந்து கீழே வருடுங்கள். குண்டின் அடி இருந்த இடத்துக்கு நேராகச் சிறு மேடு தட்டுப்படுகிறதா? உறையைக் கழற்றும்போது இரண்டு நிலையாக, முதலில் பிடித்துப் பிறகு விடுகிறதா? தோட்டா அறைக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். மங்கிய வளையம் ஒன்று தெரிந்தால் அறைச்சுவர் அந்த இடத்தில் புடைத்துவிட்டது.

என் கைக்கு ஒருமுறை பழைய ஒற்றைச்சுடு ரைஃபிள் ஒன்று வந்தது. முந்தைய உரிமையாளர் அதை மிகவும் பேணியவர். வெளியே ஒரு கீறல் கிடையாது. மருந்தின் மேல் அட்டை வட்டு ஒன்றை அழுத்திவைத்து, அதற்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விட்டு, மிதமான தோட்டாக்களையே ஆண்டுக்கணக்கில் சுட்டிருக்கிறார். மென்மையான தோட்டா துப்பாக்கிக்கு நல்லது என்று நம்பியிருக்கிறார். அறைக்குள் வளையம் மோதிரம்போல நின்றது. ஒவ்வொரு சுடுதலும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வளர்த்திருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். மருந்து பற்றியதும் வட்டு முன்னே பாய்கிறது. குண்டு இன்னும் அசையத் தொடங்கவில்லை. காலி இடத்தைக் கடந்து வேகமெடுத்த வட்டு குண்டின் அடியில் சுத்தியல்போல அறைகிறது. கண்ணிமைப்பிலும் சிறிய அந்த நேரத்தில், அந்த ஓர் இடத்தில், அறைச்சுவர் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிடுகிறது. பிரைமரைப் பார்த்தால் எதுவும் தெரியாது. மொத்த அழுத்தம் குறைவாகவே இருக்கும். அதனால்தான் இது இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

பழைய ராணுவத் தோட்டாவிலும் அட்டை இருந்ததே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். கார்டைட் என்ற பழைய புகையில்லா மருந்து நிரப்பிய பிரிட்டிஷ் .303 தோட்டாவில் மருந்துக்கு மேல் அட்டை வட்டு இருந்தது. ஆனால் கார்டைட் நீண்ட இழைகளாக உறையின் நீளத்தை எட்டி நின்றது. வட்டு ஓடி வேகமெடுக்க இடமில்லை. .45-70 உறையில் 55 கிரெயின் மட்டும் போட்டுக் குதிரைப்படைக்குக் கொடுத்த தோட்டாக்களில்கூட, குறைந்த மருந்து விட்ட இடத்தை அட்டையால் அடைத்தே அனுப்பினார்கள். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் பொருள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நுரை உருளையானால் முழு உயரத்துக்கும் வெட்டியிருக்க வேண்டும். கார்டைட்டுக்காக உருவான நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற வேட்டைத் தோட்டாக்களின் பெரிய உறைகளில் இன்று நுரை வைக்கிறவர்கள் செய்வது அதைத்தான். பஞ்சானால் உதிர்த்துப் பஞ்சுமெத்தைபோலப் பரப்பி, மருந்தின் மேற்பரப்பிலிருந்து குண்டின் அடிவரை நிறைய வேண்டும். உருட்டிய பஞ்சு உருண்டையை மருந்தின் மேல் அமுக்கிவிட்டு மேலே காற்றை விட்டால் அது பஞ்சு வேடத்தில் வந்த அட்டை வட்டுதான். சிறு கொத்துப் பஞ்சே போதும் என்று சாதிக்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைபோட மாட்டேன். என் துப்பாக்கியில் முழுதாக நிறையும், அல்லது எதுவும் இருக்காது.

வளையம் விழுந்துவிட்டதோ என்று ஐயமிருந்தால், தாழ்ந்த வெப்பத்தில் உருகும் செரோசேஃப் கலப்புலோகத்தை அறைக்குள் ஊற்றி வார்ப்பெடுக்கலாம். வார்ப்பின் மேல் மேடு இருந்தால் வளையம் இருக்கிறது. அதைத் தேய்த்து நீக்க முடியாது. குழலைப் பின்னால் வெட்டி அறையைப் புதிதாகக் குடைவதும், உள்ளே புதிய குழாய் செருகுவதும் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் வேலை. இரண்டும் மலிவானவை அல்ல.

சத்தம் மெலிந்து கேட்டது, அல்லது கேட்கவே இல்லை

குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவுக்கு அந்த அவகாசம். பிறகு திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள் தடை இருக்கிறதா என்று கம்பி விட்டோ வெளிச்சத்திலோ பாருங்கள். குண்டு நடுவில் நின்றிருந்தால் அதை இன்னொரு தோட்டாவால் தள்ளிவிட நினைப்பவர் குழலையும் விரல்களையும் சேர்த்தே இழப்பார்.

நிரப்பி போட்ட தோட்டாவில் இந்தத் தொல்லைக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. என் கணக்கில் நிரப்பியின் பெரிய ஆபத்து வளையமும் அல்ல, அழுத்தமும் அல்ல, இதுதான். நிரப்பி மருந்தை மறைத்துவிடுகிறது. சாதாரணமாக மருந்து போட்ட உறைகளை மரத்தட்டில் அடுக்கி, விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தால், ஒன்றில் மருந்தே இல்லை, மற்றொன்றில் இரண்டு முறை விழுந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பஞ்சு வைத்த பிறகு எல்லா வாயும் ஒரே வெள்ளை. உறையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாத வேகமருந்து இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. அதன் மேல் பஞ்சும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

முடிந்த தோட்டாவை நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உறைக்கு உறை எடை மாறும். வார்த்த ஈயக்குண்டும் மாறும். அந்த வேறுபாடுகள் சேர்ந்து சிறிய மருந்தளவையே விழுங்கிவிடும்.

நான் செய்யும் முறை இது. பிரைமர் வைத்த உறைகள் முதலில் தலைகீழாக நிற்கும். ஒன்றை நிமிர்த்துவேன், மருந்து போடுவேன், தட்டின் மறுபக்கத்தில் வைப்பேன். தலைகீழாக நிற்பது காலி, நிமிர்ந்து நிற்பது நிறைந்தது. ஐம்பதும் முடிந்ததும் விளக்கோடு வரிசை வரிசையாகப் பார்ப்பேன். பிறகு ஒரு தேநீர் நேரம் கழித்து இன்னொரு முறை. அதற்குப் பின்புதான் பஞ்சுப் பொட்டலத்தைத் திறப்பேன். நடுவில் யாராவது கூப்பிட்டால், எந்த உறையில் விட்டேன் என்று நினைவுபடுத்திப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.

மறுநாள் தோட்டா நீண்டுவிட்டது

அளவுகோலில் நேற்று இருந்த நீளத்தைவிட இன்று கூடியிருந்தால் நிரப்பி அளவுக்கு மிஞ்சிவிட்டது. அமுங்கிய நுரையும் பஞ்சும் வில்போலக் குண்டை வெளியே தள்ளுகின்றன. விளிம்பு மடிப்பைக் கூட்டிச் சமாளிக்கத் தோன்றும். அதற்கு முன் நிரப்பியைக் குறையுங்கள்.

கழற்றிப் பார்த்தால் மருந்தும் நிரப்பியும் கலந்திருக்கின்றன

நிரப்பி போட்ட எந்தத் தொகுதியிலும் இரண்டு மூன்று தோட்டாக்களைச் சில நாள் வண்டியில் குலுங்கவிட்டு, குண்டு கழற்றும் சுத்தியலால் பிரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். ரவைக்கும் மருந்துக்கும் நடுவே எல்லைக்கோடு கலைந்திருந்தால் ரவை தளர்வாக இருந்திருக்கிறது. மணிகள் ஒன்றின் இடுக்கில் மற்றொன்று இறங்கிவிட்டன. அப்படிக் கலந்த மருந்து எப்படி எரியும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. தொகுதி முழுவதையும் பிரித்துவிடுங்கள். இலவம்பஞ்சில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது கட்டியாகச் சுருண்டு நடுவில் நின்றுவிடும். உதிர்க்கச் சோம்பல்பட்டால் அதுவே வட்டாகிவிடும்.

குழலின் முன்னே புகையும் துணுக்குகள்

காகிதமும் பருத்திப்பஞ்சும் கனிந்துகொண்டே வெளியே விழும். காய்ந்த புல்லில் அது போதும். பாலியெஸ்டர் கனிவதைவிட உருகுவதே அதிகம். சில நேரம் குழலுக்குள் மெழுகுப் படலம்போல ஒட்டும். அதிகச் சூட்டையும் அழுத்தத்தையும் தரும் தோட்டாவில் அதை வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்த வகைத் தோட்டாவுக்கு நிரப்பியே தேவையில்லை.

அறிகுறியே காட்டாத ஒன்று

மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய, கழுத்து ஒடுங்கிய உறையில் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்தவர்களின் துப்பாக்கிகள் சில நேரம் சிதறியிருக்கின்றன. பத்தொன்பது தோட்டா ஒழுங்காகப் போயிருக்கும். இருபதாவது போல்ட்டையே பெயர்த்திருக்கும். ஆய்வகத்தில் நினைத்தபடி திரும்ப நிகழ்த்திக் காட்டக் கடினமான நிகழ்வு என்பதால் அதன் காரணம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும் மேசையில் செய்ய வேண்டியது மாறாது. மெதுமருந்தைத் தொடக்க அளவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். பஞ்சு வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவருக்கு அடுத்த மேசையில் நின்று சுடாதீர்கள்.

கரிமருந்தின் கதை தலைகீழ். அங்கே காற்று இடமே கூடாது. மருந்தைக் குறைத்தால் விட்ட இடத்தை நிரப்பியால் அடைத்தே ஆக வேண்டும். நேர்ச்சுவர் உறையில் ரவை அதற்குப் பழகிய பொருள்தான். அந்தப் பழக்கத்தைப் புகையில்லா மருந்துக்கு அப்படியே தூக்கிவந்ததில்தான் பாதி விபத்துகள் முளைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு. மருந்தின் பெயர், அளவு, குண்டு, நாள் ஆகியவற்றோடு நிரப்பி எது, எத்தனை கிரெயின் என்றும் எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் நினைவிருக்காது. சீட்டில்லாத பெட்டி கைக்கு வந்தால் பிரித்துவிடுங்கள். குண்டும் உறையும் மீண்டும் உதவும். பஞ்சு ஒட்டிய மருந்தைப் பழைய டப்பாவில் திரும்பக் கொட்டாதீர்கள்.